செருகுநிரல்களின் வரலாறு: தறி முதல் மென்பொருள் உருவாக்கக் கருவி வரை

செருகுநிரல் என்பது ஒரு மென்பொருளின் அடிப்படையை மாற்றாமல் அதற்குப் புதிய திறனைச் சேர்க்கும் சிறு நிரல் ஆகும். கணினியோடு பிறந்ததாகத் தோன்றும் இந்த எண்ணம் நெசவாளர்களுக்குப் பழக்கமானதே. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் நிலம் கைவிடும். அப்படிப்பட்ட இடத்தில் அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊராக வளர்ந்தது. தறிதான் பிழைப்பு என்றிருக்கும் வீட்டில், புதிய வசதி வேண்டும் என்பதற்காக இருக்கும் தறியைத் தூக்கி எறிய முடியாது. அதனோடு ஒன்றைப் பொருத்திக்கொள்வதே வழி.

தறியில் பொருத்திய கருவிகள்

பழைய குழித்தறியில் நெசவாளர் நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் வாங்குவார். இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் உருவாக்கிய விசைநாடா, கயிற்றை இழுத்தால் நாடாவைத் தானே ஓடச் செய்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அமைப்பு சென்னை மாகாணத்தில் பரவியபோது குழித்தறியிலேயே அதைப் பொருத்த முடிந்தது. தறி பழையது, வேகம் புதியது.

அடுத்தது ஜக்கார்டு பெட்டி. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு, தமக்கு முன் பலர் செய்த முயற்சிகளைத் தொடர்ந்து 1804-இல் இதற்கு வடிவம் கொடுத்தார். தறிக்கு மேலே அமரும் இக்கருவி, துளையிட்ட அட்டைகளின்படி பாவு இழைகளைத் தூக்கும். அட்டைகளை மாற்றினால் கரையும் புட்டாவும் மாறும். தறி அப்படியே இருக்கும். சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரத்துக்கு இதே வகைத் துளை அட்டைகளைத் தேர்ந்தெடுத்தார். தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று.

உருவாக்கக் கருவியின் தேவை

நிரலாளர் எழுதும் மூல நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றப் பல படிகள் உண்டு: தொகுத்தல், சோதித்தல், பொதியாக்குதல். இவற்றை வரிசை தவறாமல் செய்வது உருவாக்கக் கருவி. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். சக ஊழியர் ஒருவர் பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார்; ஆனால் திருத்திய கோப்பை மறுபடி தொகுக்காததால், இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுதை இழந்தார். மேக் உருவாக இதுவே தூண்டுதல். எந்தக் கோப்பு மாறியதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் அது மறுபடி உருவாக்கும்.

2000-இல் தனி வெளியீடாக வந்த 'ஆன்ட்', ஜாவா நிரலாளர்களிடையே பரவியது. அதில் புதிய பணிகளைச் சேர்க்கலாம். ஆனால் அதற்குரிய கோப்பைப் பெரும்பாலும் நிரலாளரே தேடி எடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும்.

மேவன் கொண்டுவந்த மாற்றம்

'மேவன்' 2.0 பதிப்பு 2005-இல் வெளிவந்தது. அதன் மையம் மிகச் சிறியது. தொகுத்தல், சோதித்தல், பொதியாக்குதல் என அடிப்படை வேலைகளைக்கூடச் செருகுநிரல்களே செய்கின்றன. நிறுவும் முறையும் எளிது. திட்டத்தின் அமைப்புக் கோப்பில் செருகுநிரலின் குழுப்பெயர், பெயர், பதிப்பு எண் ஆகிய மூன்றையும் எழுதினால் போதும். முதல் முறை இயங்கும்போது மேவன் அதை மையக் களஞ்சியத்திலிருந்து இறக்கிக் கணினியில் சேமித்துக்கொள்ளும். அது எந்தக் கட்டத்தில் இயங்க வேண்டும் என்பதையும் குறிப்பிடலாம்.

'கிரேடில்' கருவியிலும் செருகுநிரலின் அடையாளத்தையும் பதிப்பையும் எழுதினாலே போதும். ஆண்ட்ராய்டு செயலிகள் இன்று கூகுளின் கிரேடில் செருகுநிரல் வழியாகவே பெரும்பாலும் உருவாகின்றன. இணைய இணைப்பு சீராகக் கிடைக்காத ஊர் மாணவருக்கு ஒரு செய்தி: தேவையானவை ஒருமுறை இறங்கிவிட்டால், இரு கருவிகளையும் இணையம் இல்லாத முறையில் இயக்கலாம்.

பொருத்துபவரின் பொறுப்பு

ஜப்பானைச் சேர்ந்த கோசுகே கவாகுச்சி தொடங்கிய 'ஹட்சன்', 2011-இல் 'ஜென்கின்ஸ்' என்று பெயர் மாறியது. உருவாக்கும் வேலைகளைத் தானாக இயக்கும் இச்சேவையகத்துக்கு 1800-க்கும் மேற்பட்ட செருகுநிரல்கள் உள்ளன. பல நிறுவனங்களும் தன்னார்வலர்களும் எழுதியவை அவை. சிலவற்றைப் பராமரிக்க இப்போது ஆளில்லை. செருகுநிரல்களில் காணப்படும் பாதுகாப்புக் குறைகளை ஜென்கின்ஸ் குழு தொடர்ந்து அறிவித்து வருகிறது. காரணம் எளிது: உருவாக்கக் கருவிக்கு உள்ள அனுமதி அதில் இயங்கும் செருகுநிரலுக்கும் கிடைக்கிறது. அது கோப்புகளைப் படிக்கலாம், வெளியே அனுப்பவும் செய்யலாம்.

களஞ்சியமும் நிலையானதன்று. ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் பெரிதும் நம்பியிருந்த 'ஜேசென்டர்' களஞ்சியத்தை மூடப்போவதாக ஜேஃபிராக் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. எண்ணற்ற திட்டங்களின் அமைப்புக் கோப்புகளை மாற்ற வேண்டியதாயிற்று. பழைய பாடங்களைப் பார்த்துப் பயிலும் மாணவர்கள் அந்தப் பெயரை இன்றும் எதிர்கொள்ளக்கூடும். அங்கே மையக் களஞ்சியத்தின் பெயரை எழுத வேண்டும்.

ஆகவே செருகுநிரலைச் சேர்க்குமுன் மூன்றைப் பார்க்க வேண்டும்: எழுதியவர் யார், கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, அந்த வேலைக்கு அது உண்மையில் தேவையா. பதிப்பு எண்ணை எழுதாமல் விடக்கூடாது. எழுதாவிட்டால் இன்று இயங்கும் திட்டம் நாளை வேறொரு பதிப்பை இழுத்துக்கொண்டு நின்றுபோகலாம். ஜக்கார்டு பெட்டி பழுதானால் சரிசெய்பவர் வரும்வரை அந்தத் தறியில் புட்டா விழாது. மென்பொருளிலும் பிறர் செய்த கருவியைப் பொருத்துவது எளிது; அதைப் பேணுபவர் யாரென்று அறிந்து பொருத்துவதே நெடுநாள் உதவும்.