வெள்ளம் வடிந்த பின் தெரிந்த பசி

2010 ஜூலை இறுதியில் பாகிஸ்தானில் பெருக்கெடுத்த சிந்து நதி வெள்ளத்தில் ஏறத்தாழ 2 கோடி மக்கள் பாதிக்கப்பட்டனர். வீடு, பயிர், கால்நடை எல்லாம் போயின. இந்தச் சேதங்களை எண்ணிவிடலாம். பசியை எப்படி எண்ணுவது?

அதற்கு ஓர் எளிய கருவி உண்டு. அது ஓர் அளவு நாடா. ஐந்து வயதுக்கு உட்பட்ட, ஆறு மாதம் நிரம்பிய குழந்தையின் இடது மேல்கையைச் சுற்றி அளப்பார்கள். 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. 125-க்குக் குறைந்தாலும் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எடை கூடிக்கொண்டே இருக்கும் என்பதால் அவர்களுக்கும் கைச்சுற்றளவே நம்பகமானது.

அந்த ஆண்டின் இறுதியில் சிந்து மாகாண அரசும் யுனிசெஃபும் நடத்திய ஆய்வில், வெள்ளப் பகுதிக் குழந்தைகளில் 20 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மெலிந்திருந்தனர். 15 சதவீதத்தைத் தாண்டினாலே நெருக்கடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு!

எல்லாப் பழியையும் வெள்ளத்தின் மேல் போட்டுவிட முடியுமா? உயரத்துக்கேற்ற எடை இல்லாதது அண்மைப் பசியைக் காட்டும். வயதுக்கேற்ற உயரம் இல்லாதது பல ஆண்டுப் பசியைக் காட்டும். 2011 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி அந்நாட்டுக் குழந்தைகளில் சுமார் 44 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள். ஒரே மழைக்காலம் இதைச் செய்திருக்க முடியாது. நிலமற்ற கூலி வாழ்க்கையும், தாய்மாரின் ஊட்டக்குறைவும், கெட்ட குடிநீரும் முன்பே செய்த வேலை இது.

ஆகவே தண்ணீர் வடிந்ததும் நிவாரணத்தை நிறுத்திவிடுவது பாதி வேலைதான். நாடா சொன்ன மீதிக் கதையையும் கேட்க வேண்டும்.