குறட்டைக்கு பல் டாக்டரா? - ஷிஃப்ட் அசதிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்லீப் ஆப்னியா!

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறுகிறீர்கள். ஜன்னல் ஓர சீட். கவரைப்பேட்டை வருவதற்குள் கண் சொக்குகிறது. திடுக்கிட்டு விழித்தால் மீஞ்சூர் தாண்டியாச்சு. 'ராத்திரி முழுக்க வேலை பார்த்தா தூக்கம் வரத்தானே செய்யும்' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள். சரிதான். ஆனா, வார லீவுல எட்டு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கி எழுந்தும் அதே அசதி இருந்தா? அப்போ பிரச்னை ஷிஃப்ட்டில் மட்டும் இல்லை, உங்கள் தூக்கத்துக்குள்ளேயே இருக்கலாம்.

வள்ளூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளி துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட் என இரவு பகல் பார்க்காமல் இயங்கும் பகுதி இது. பகலில் தூங்கி வழிவதற்கு இங்கே எல்லோரிடமும் ரெடியாக ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குப் பின்னால்தான் ஸ்லீப் ஆப்னியா எனும் தூக்க மூச்சுத்தடை நோய் ஒளிந்துகொள்கிறது. அதை முதலில் சந்தேகப்படவும், சிலருக்கு சிகிச்சை தரவும் பல் மருத்துவரால் முடியும். எப்படின்னு பார்ப்போம்.

தூக்கத்தில் என்ன நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும், நாக்கு பின்னால் சரியும். மூச்சுப்பாதை குறுகினால் குறட்டை. முழுசா அடைத்துக்கொண்டால் மூச்சே நின்றுவிடும். குறைந்தது 10 விநாடிகள் நின்றால் அது ஆப்னியா. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது மூளை உங்களை லேசாக உலுக்கி எழுப்பும். ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். காலையில் இது எதுவுமே ஞாபகம் இருக்காது.

மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு சராசரியாக எத்தனை முறை என்பதுதான் ஏ.ஹெச்.ஐ என்ற அளவீடு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை மிதமானது, 30-க்கு மேல் தீவிரமானது. 30 என்றால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் மூச்சு தடுமாறுகிறது என்று அர்த்தம்!

கவனிக்காமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், இதயத்துடிப்புக் கோளாறு, பக்கவாதம் வரை ஆபத்து கூடும். 'டிஸ்கோ டான்ஸர்' படத்தின் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது, அவருக்கு சிகிச்சை அளித்த மருத்துவர் சொன்ன காரணம் ஸ்லீப் ஆப்னியா. அதற்குப் பிறகுதான் இந்தப் பெயரையே நம்மில் பலர் கேள்விப்பட்டோம். இதைவிட உடனடி ஆபத்தும் உண்டு. ஜி.என்.டி ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கோ, கிரேன் இயக்குபவருக்கோ மூன்று விநாடி கண் அசந்தாலே போதும்.

எட்டு கேள்விகள், எட்டு மார்க்

டொரன்டோவைச் சேர்ந்த மருத்துவர் ஃபிரான்சஸ் சங் குழுவினர் 2008-ல் வெளியிட்ட 'ஸ்டாப்-பேங்' கேள்விகள் இவை. ஒவ்வொரு 'ஆமாம்'-க்கும் ஒரு மார்க்.

- கதவைத் தாண்டிக் கேட்கும் அளவுக்கு குறட்டையா?
- பகலில் அடிக்கடி அசதி, தூக்கக்கலக்கமா?
- தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
- ரத்த அழுத்தம் இருக்கிறதா?
- பி.எம்.ஐ 35-க்கு மேலா?
- வயது 50-க்கு மேலா?
- கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ-க்கு மேலா?
- ஆணா?

0-2 என்றால் ஆபத்து குறைவு. 3-4 நடுத்தரம். 5-ம் அதற்கு மேலும் என்றால் அதிகம். ஒல்லியாக இருப்பவர்கள் உடனே நிம்மதியாகிவிட வேண்டாம். தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால், எடை கூடாமலேயே இந்தப் பிரச்னை வரலாம்.

மூன்றாவது கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. ரூம்மேட்டையோ வீட்டில் இருப்பவர்களையோ கேளுங்கள். போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். டாக்டரிடம் காட்ட அது உதவும். ஆனா, போன் ஆப்பும் ஸ்மார்ட் வாட்ச்சும் நோயை உறுதிசெய்யாது.

பல் டாக்டர் கண்ணில் என்ன படும்?

சொத்தைப் பல்லுக்காகப் போன இடத்தில்கூட சில தடயங்கள் சிக்கும். இரவில் பல் கடித்துக் கடித்துத் தேய்ந்த பற்கள், ஓரத்தில் பல் தடம் பதிந்த நாக்கு, குறுகிய மேல் அண்ணம், பின்தள்ளிய கீழ்த்தாடை, வீங்கிய டான்சில், வாயைத் திறந்து தூங்குவதால் வறண்ட வாய்.

'ஆ'ன்னு வாயைத் திறந்து நாக்கை நீட்டும்போது தொண்டை எவ்வளவு தெரிகிறது என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்கவியல் நிபுணர் மல்லம்பட்டியின் பெயரில் 1985 முதல் அறியப்படுகிறது. மயக்க மருந்து தருவதற்காக உருவான அது, இப்போது ஸ்லீப் ஆப்னியா சந்தேகத்துக்கும் கைகொடுக்கிறது.

ஆனால், இவை எல்லாம் சந்தேகம்தான். ஸ்லீப் ஸ்டடி எனும் தூக்கப் பரிசோதனையைப் பார்த்து நோயை உறுதிசெய்ய வேண்டியவர், தூக்க மருத்துவம் தெரிந்த மருத்துவர்.

தாடையை முன்னால் இழுக்கும் கருவி

மிதமான, தீவிரமான ஸ்லீப் ஆப்னியாவுக்கு முதல் சாய்ஸ் சி-பாப் மெஷின். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழு 1981-ல் அறிமுகப்படுத்தியது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும். பலன் நிச்சயம். ஆனா, மாஸ்க் போட்டால் தூக்கமே வரலைன்னு கழற்றி வைப்பவர்கள் நிறைய பேர்.

அவர்களுக்கும், லேசான அல்லது மிதமான நிலையில் இருப்பவர்களுக்கும் பல் மருத்துவர் செய்துதரும் கருவி மாற்று வழி. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் அளவெடுத்துச் செய்த இரண்டு உறைகள். போட்டுக்கொண்டு தூங்கினால், கீழ்த்தாடை சில மி.மீ முன்னால் நிற்கும். தாடையோடு நாக்கும் முன்னால் வருவதால் தொண்டையில் வழி திறக்கும். முதல் நாளே முழு அளவுக்கு இழுக்க மாட்டார்கள். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். சி-பாப் அளவுக்கு ஏ.ஹெச்.ஐ குறையாவிட்டாலும், தினமும் போட்டுக்கொள்வது எளிது. ஊர் மாறி ஊர் போகும் டிரைவர்களுக்கு இது பெரிய வசதி. கரன்ட் வேண்டாம், பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம்.

யாருக்குச் சரிவராது?

கருவி பிடித்து நிற்க இரண்டு தாடையிலும் போதுமான உறுதியான பற்கள் வேண்டும். ஆடும் பல், ஈறு நோய், தாடை மூட்டு வலி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஹான்ஸ், குட்கா பழக்கத்தால் ஈறு கெட்டவர்களும் வாய் சரியாகத் திறக்காதவர்களும் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஆரம்பத்தில் எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். வருடக்கணக்கில் போடும்போது பல் கடிப்பு லேசாக மாறலாம். அதனால் ரெகுலர் செக்கப் கட்டாயம். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடிக்கும் மலிவு ரகத்தை, பரிசோதனை இல்லாமல் நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். குறட்டைச் சத்தம் குறையலாம். உள்ளே மூச்சு நிற்பது தொடரலாம்.

எங்கே தொடங்குவது?

முதலில் நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை பிரிவு. திருவள்ளூரில் 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியிலோ, சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலோ தூக்கப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். நைட் ஷிஃப்ட் ஆள் என்றால் வழக்கமாகத் தூங்கும் நேரத்தையும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டோடு பல் மருத்துவரிடம் போங்கள். ஸ்லீப் ஆப்னியா கருவி செய்த அனுபவம் உண்டா, பின்னால் சரிசெய்யும் கட்டணமும் சேர்த்தா என்று கேளுங்கள். கருவி செட்டான பிறகு, அதைப் போட்டுக்கொண்டே மறுபடி ஒரு தூக்கப் பரிசோதனை. இதைத் தவிர்த்தால், கருவி வேலை செய்கிறதா என்பதே தெரியாது.

எடையைக் குறைப்பது, தூங்கும் முன் மதுவைத் தவிர்ப்பது, ஒருக்களித்துப் படுப்பது எல்லாமே உதவும். சிகிச்சை பலன் தரும்வரை, தூக்கம் சொக்கும்போது வண்டி ஓட்டாதீர்கள்.

பக்கத்துக் கட்டிலில் குறட்டை விடும் அண்ணனைக் கிண்டல் பண்ணி ஸ்டேட்டஸ் வைக்கும் முன், ஒரு நிமிடம் காது கொடுங்கள். சத்தம் திடீரென நின்று, கொஞ்சம் கழித்து திணறலோடு திரும்புகிறதா? காலையில் அவரிடம் சொல்லிவிடுங்கள். அது அவருக்குத் தெரியவே தெரியாது.