செல்லில் மிஞ்சிய மின்சாரம்: பழங்காநத்தத்தில் ஒரு வழக்கத்தின் வரலாறு

தமிழகத்து வீடுகளில் மின்கலம் நெடுங்காலமாக ஒரே வேலையோடு குப்பைக்குப் போகும் பொருளாக இருந்ததில்லை. டார்ச் லைட்டில் ஒளி மங்கிய பெரிய செல் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும், பொம்மைக் காரை ஓட்டமுடியாமல் தளர்ந்த பென்சில் செல் சுவர்க் கடிகாரத்துக்கும் மாற்றப்பட்டன. இந்த வழக்கத்துக்கு வேதியியல் அடிப்படை உண்டு: பிரான்சு நாட்டின் லெக்லாஞ்சே 1866இல் உருவாக்கிய கலத்தின் வழிவந்த உலர்கலத்தில், பயன்படப் பயன்பட உள்தடை, அதாவது மின்னோட்டத்தைக் கலமே உள்ளிருந்து தடுக்கும் தன்மை, கூடிக்கொண்டே போகும், ஆகவே மிகுதியான மின்னோட்டம் கேட்கும் பல்புக்கு உதவாத செல், ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் கேட்காத கடிகாரத்தை மாதக்கணக்கில் ஓட்டிவிடும். ஓய்ந்த செல்லை வெயிலில் காயவைத்து மீண்டும் போட்டுப் பார்த்தவர்களும், தாம் அறியாமலே, சூட்டால் சற்று நேரம் விரைவுபடும் வேதிவினையின் பயனைப் பெற்றவர்களே.

மதுரையின் தென்மேற்கில், திருப்பரங்குன்றம் செல்லும் சாலையில் அமைந்த பழங்காநத்தத்தில் இவ்வழக்கம் இன்னும் பெரிய கலங்களுக்கும் பரவுவதற்கு அவ்வூரின் மோட்டார்ச் சூழல் துணைநின்றது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் நிறுவிய டி.வி.எஸ். நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய டி.வி.எஸ். நகர் இப்பகுதியை ஒட்டியே இருக்கிறது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வருவதற்கு முன், தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் பழங்காநத்தத்திலிருந்தே புறப்பட்டன. பேருந்திலும் லாரியிலும் இருப்பது ஈய-அமில பேட்டரி. ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு கலங்களைத் தொடராக இணைத்து 12 வோல்ட் பெறும் இந்த அமைப்பின் மூலவடிவம் 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் பிளாண்டே கண்டது. எஞ்சினைச் சுழற்றித் தொடங்க நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டுமாதலால், அதற்கு ஆற்றாத பேட்டரியும் ஒரு விளக்கை எரிக்கும் வலிமையை இழந்திருப்பதில்லை. டார்ச்சிலிருந்து ரேடியோவுக்கு இறங்கிய செல்லின் கதைதான் இங்கே பெரிய அளவில் நிகழ்ந்தது.

பேட்டரியை வீட்டின் நிலையான உறுப்பாக்கியது 2012ஆம் ஆண்டின் மின்வெட்டு. சென்னையில் இரண்டு மணி நேரமாக இருந்த மின்தடை, மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டியபோது, வசதியுள்ள வீடுகள் இன்வெர்ட்டரை வாங்கிவைத்து அதன் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றப் பழகின. மற்ற வீடுகள் எமர்ஜென்சி லைட்டோடு இரவைக் கழித்தன.

ஏறக்குறைய அதே காலத்தில், வேறொரு வாயில் வழியாக, லித்தியம் மின்கலம் இவ்வீடுகளுக்குள் பெரிய அளவில் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், கணினியை அறியாத குடும்பங்களுக்கும் ஒரு மடிக்கணினியைக் கொண்டுசேர்த்தது. லித்தியம் அயனி மின்கலத்தைச் சோனி நிறுவனம் 1991இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவர் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இவ்வாய்வு தென்தமிழகத்துக்கு அந்நியமானதன்று: அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாய் நன்கொடையிலும் உருவாகி 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், லித்தியம் அயனிக் கலத் தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே வளர்த்து, அதைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க 2018இல் ஒப்பந்தம் செய்தது.

அக்கால மடிக்கணினி பேட்டரிகள் பலவற்றின் உள்ளே, 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதால் 18650 எனப் பெயர்பெற்ற உருளைக் கலங்கள் ஆறு, இரண்டிரண்டாக மூன்று இணைகளாய் அடுக்கப்பட்டிருக்கும். ஓர் இணை நலிந்தாலும், கலங்களைக் கண்காணிக்கும் காவல் சுற்று முழு பேட்டரியையும் நிறுத்திவிடுமாதலால், செத்துப்போனதாகக் கருதப்பட்ட பேட்டரியில் நல்ல கலங்கள் நான்கு மிஞ்சியிருப்பது அரிதன்று. ரேடியோ பழுதுபார்ப்போரும் பாலிடெக்னிக் மாணவரும் இவற்றைத் தேடியதன் காரணம் இதுவே. 2,200 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவுள்ள கலம் 3.7 வோல்ட்டில் ஏறத்தாழ 8 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். ஒரு வாட் எல்.இ.டி. விளக்கை அது ஆறேழு மணி நேரம் எரிக்கும். மூன்று கலங்களின் தொடர் இணைய மோடத்தை இரண்டு மணி நேரமாவது தாங்கும். 2020இல் கொரோனா முடக்கத்தால் வகுப்புகள் இணையவழியே வீட்டுக்குள் நடந்தபோது, அந்த இரண்டு மணி நேரம் ஒரு மாணவருக்கு எவ்வளவு பெரிது என்பது எல்லாருக்கும் விளங்கியது.

ஆயினும் பழைய வழக்கத்தின் அடிப்படைத் துணிவு, அதாவது போட்டுப் பார்ப்போம், ஓடினால் ஓடட்டும் என்ற மனப்பாங்கு, இங்கே செல்லாது. உலர்கலம் தவறைப் பொறுத்தது. மிஞ்சிப்போனால் கசிந்து கருவியை அரித்தது. லித்தியம் கலம் 4.2 வோல்ட்டைக் கடந்து ஏற்றப்பட்டாலும் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் தன் சூட்டால் தன்னையே மேலும் சூடாக்கித் தீப்பற்றக்கூடும். 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த கலத்தில் எதிர்முனையின் செப்புத் தகடு கரைந்து, மறுபடி மின்னேற்றும்போது உட்குறுக்குச்சுற்றுக்கு வழிவகுக்கக்கூடும் என்பதால், மல்டிமீட்டரில் அந்த அளவுக்குக் கீழே காட்டும் கலம் அப்போதே கழிக்கப்பட வேண்டியதாகிறது. தேறிய கலத்தையும் நிரப்பி இரண்டு வாரம் சும்மா வைத்து, வோல்ட் இறங்குகிறதா என்று பார்ப்பதும், சால்டரிங் சூட்டுக்கு உட்படுத்தாமல் ஹோல்டரில் பொருத்துவதும், காவல் சுற்றில்லாமல் பயன்படுத்தாதிருப்பதும், உப்பிய கைப்பேசி பேட்டரியை எக்காரணத்தாலும் தொடாதிருப்பதும் அனுபவமுள்ளவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்குகள். உற்பத்தியின்போது கலந்த உலோகத் துகளுக்காக 2006இல் டெல் நிறுவனம் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேற்றத்துக்கு விடப்பட்ட மின்ஸ்கூட்டர் எரிந்த புகையில் ஒரு தந்தையும் அவர் மகளும் இறந்தனர். இவற்றை அறிந்தபின், அளந்து பார்க்காத கலத்தைக் குழந்தை படிக்கும் மேசையில் வைப்பதை எந்தச் சிக்கனத்தின் பெயராலும் ஏற்க இயலாது.

2022 ஆகஸ்டில் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், 2001இன் பழைய விதிகளைப் போலன்றி, லித்தியம் உட்பட எல்லா வகைக் கலங்களையும் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தின. ஆனால் ஈய பேட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தது விதியைவிட விலையே: புதியது வாங்கும்போது பழையதற்கு விலைக்கழிவு உண்டு, பழைய இரும்புக் கடையிலும் ஈயத்துக்குக் கிலோக் கணக்கில் மதிப்பு உண்டு. ஐம்பது கிராமுக்கும் குறைந்த லித்தியம் உருளைக்குத் தெருமுனைக் கடையில் அப்படியொரு விலை ஏற்படவில்லை. ஆகவே அது மேசை இழுப்பறையில், பழைய சார்ஜர்களோடும் ரிமோட்டுகளோடும், எடுத்துச் செல்ல ஆளின்றிக் கிடக்கிறது.