தமிழ் விவிலியத்தில் இறைப்பெயர்

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் முந்நூறு ஆண்டுகளில் இறைவனைக் குறிக்க முதன்மையாக நான்கு சொற்களைக் கையாண்டுள்ளன: சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுக்கு அது அகராதி தொடர்பான விவாதம் அல்ல. தாங்கள் மண்டியிட்டு அழைத்து வந்த பெயரை வேறு யாரோ மாற்றுகிறார்கள் என்பதே அவர்களது மனக்குறை.

சருவேசுரன்

பார்த்தலோமியு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்தார். 1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-ல் முடித்தார். அது 1714, 1715 ஆண்டுகளில் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சானது. அதில் அவர் கையாண்ட ‘சருவேசுரன்’ அவர் உருவாக்கிய சொல் அல்ல. ராபர்டோ டி நொபிலியின் காலம் முதல் கத்தோலிக்க நூல்களில் வழங்கிவந்த சொல் அது. கத்தோலிக்கரைச் சமயக் கொள்கையில் எதிர்த்த சீகன்பால்கு, சொல்லுக்கு அவர்களிடமே கடன்பட்டார். ஆனால் ‘ஈசுரன்’ என்றதும் தமிழர் மனதில் எழுவது சிவன். பின்வந்த சீர்திருத்த மிஷனரிகள் அச்சொல்லைக் கைவிட இதுவும் ஒரு காரணம்.

பராபரன்

யோஹான் பிலிப் பப்ரிசியுஸ் 1740-ல் தமிழகம் வந்தார். 1742 முதல் சென்னையில் பணியாற்றினார். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்து எடுத்துவந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் அவரது பொறுப்பில் வந்தது. அவரது புதிய ஏற்பாடு 1772-ல் வெளியானது. பழைய ஏற்பாட்டின் அச்சுப்பணி, 1791-ல் அவர் மறைந்த பின்னர் 1796-ல்தான் நிறைவுற்றது. இறுதிக் காலத்தில் கடன் தொல்லையால் சிறை சென்றவர் அவர். அந்த வாழ்க்கையிலிருந்து இத்தனை நிதானமான உரைநடை வந்தது வியப்புக்குரியது.

அவர் தேர்ந்த ‘பராபரன்’ சைவ, வேதாந்த மரபில் உயர்ந்த பொருளுடையது. தாயுமானவரின் பராபரக் கண்ணியைத் தமிழகம் நன்கறியும். எந்த ஒரு கோயில் தெய்வத்தையும் நேரடியாகச் சுட்டாத சொல் என்பது அதன் வசதி.

பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு எவ்வாறு பரவியது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். அக்காலச் சபையாரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். உபதேசியார் வாசிக்க, அவர்கள் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். அதே பப்ரிசியுஸ் தமிழாக்கிய ஜெர்மானியப் பாடல்களை ஆலயத்தில் பாடினார்கள். அவர்களிடம் வேதம் இருந்தது தாளில் அல்ல, நாவில். தாளில் இருப்பதைத் திருத்தலாம்; நாவில் இருப்பதைத் திருத்துவது அத்தனை எளிதல்ல.

பாளையங்கோட்டையில் பணியாற்றிய ரேனியஸ், பப்ரிசியுஸின் மொழி தமிழ் இயல்புக்குப் பொருந்தவில்லை என்று கருதினார். புதிய ஏற்பாட்டை எளிய நடையில் திருத்தி எழுதினார். முழுமையான பதிப்பு 1833-ல் வெளிவந்தது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இத்தகைய திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஐரோப்பியரான ரேனியஸ் பழைய தமிழ் சரியில்லை என்கிறார். சரபோஜி மன்னரின் அவைக்களப் புலவர் அதுவே எங்கள் வேதத்தின் மொழி என்கிறார். சாஸ்திரியாரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது வழக்கம். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஒரு சமூகம் ஜெபிக்கும் மொழி எது என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது?

தேவன்

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பெர்சிவலின் மேற்பார்வையில் ஒரு முழு விவிலியம் உருவாகி 1850-ல் வெளியானது. அதில் அவருக்குத் துணை நின்ற தமிழறிஞர் ஆறுமுக நாவலர். தமிழகச் சபைகள் அதை ஏற்கவில்லை. நாவலரோ அப்பணியில் பெற்ற விவிலிய அறிவைக் கொண்டே 1854-ல் ‘சைவதூஷணபரிகாரம்’ எழுதி மிஷனரிகளுக்கு மறுப்புரைத்தார்.

இரு கரைகளுக்கும் பொதுவான ஒரு பதிப்பு வேண்டும் என்ற நோக்கில் ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ராபர்ட் கால்டுவெல் அதில் உறுப்பினர். 1871-ல் முழுமையாக வெளிவந்த இந்த ஐக்கிய திருப்புதல் பப்ரிசியுஸை அடித்தளமாகக் கொண்டது. ஆனால் பராபரனைத் ‘தேவன்’ ஆக்கியது.

‘தேவன்’ என்ற சொல்லில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. எபிரேயத்தின் ‘எலோகிம்’ இஸ்ரவேலரின் ஒரே இறைவனையும் குறிக்கும், பிற இனத்தாரின் தெய்வங்களையும் குறிக்கும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தில் பவுல் ‘பலர்’ எனப்படுவோரையும் ‘ஒருவரை’யும் ஒரே கிரேக்கச் சொல்லால் எதிரெதிரே நிறுத்துகிறார். ‘பராபரன்’ என்பதற்குப் பன்மை கிடையாது. ‘தேவன்’ என்பதற்குத் ‘தேவர்கள்’ உண்டு. எதிர்ப்பும் அதே இடத்திலிருந்துதான் வந்தது: முப்பத்து முக்கோடி தேவர்களைப் பேசும் நாட்டில் அது மிகச் சிறிய சொல் அல்லவா?

லுத்தரன் சபைகள் இதை ஏற்க மறுத்து, இருபதாம் நூற்றாண்டிலும் பப்ரிசியுஸின் வேதத்தையே வாசித்தன. மற்ற சீர்திருத்தச் சபைகளில் ‘தேவன்’ வேரூன்றியது. ‘தேவன் சொன்னார்’ என்பதில் எழுவாய் ‘-அன்’, வினைமுற்று ‘-ஆர்’. இலக்கண ஆசிரியர் முகம் சுளிக்கக்கூடும். கிறிஸ்தவர் காதுக்கு அது இன்று முழுக்க இயல்பான தமிழ்.

கடவுள்

எல். பி. லார்சன் தலைமையிலான திருத்தப் பதிப்பு 1936-ல் ‘கடவுள்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. மொனகன் அதை மேலும் திருத்தி 1956-ல் வெளியிட்டார். தனித்தமிழ் உணர்வு வலுப்பெற்றிருந்த காலம் அது. ஆயினும் சபையார் அதை வீட்டுக்குள் அழைக்கவில்லை. 1995-ல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து வெளியிட்ட ‘திருவிவிலியம்’ இச்சொல்லை நிலைநிறுத்தியது. அதில் ஆதியாகமம் தொடக்கநூல் ஆனது, சங்கீதம் திருப்பாடல்கள் ஆனது, பரிசுத்த ஆவி தூய ஆவி ஆனார். கத்தோலிக்கர் அதை முழுமையாக ஏற்றனர். சீர்திருத்தச் சபையினரில் பெரும்பாலோர் 1871-ன் நடையிலேயே நின்றுவிட்டனர். புத்தாண்டு இரவில் பெறும் வாக்குத்தத்த வசனமும், வாசல் நிலைக்கு மேல் மாட்டும் வசன அட்டையும் அந்தப் பழைய நடையில்தான் இருக்கின்றன. வீட்டுச் சுவரில் நாற்பது ஆண்டுகள் தொங்கிய வாக்கியத்தை எந்தக் குழுவும் திருத்தி எழுத முடியவில்லை.

பழைய சொற்களும் முழுமையாக மறைந்துவிடவில்லை. வேதத்தில் இல்லாத ‘பராபரன்’ கீர்த்தனைகளில் இன்றும் பாடப்படுகிறார். இதற்கிடையே, எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்காத ஓர் அழைப்பும் வழக்கில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பரீட்சை முடிவு வரும் நாளானாலும், தென்மாவட்டத்துத் தாய்மார் வாயில் முதலில் வருவது தேவனும் அல்ல, கடவுளும் அல்ல, ‘ஏசப்பா’. அச்சொல் இந்த நான்கு மொழிபெயர்ப்புகளில் எதிலும் இல்லை.