நீல் தர்ப்பண்: பெயர் சொல்ல மறுத்த பாதிரியார்

கருத்துரிமை குறித்துப் பேசுகையில் எழுதியவரையும் தடைசெய்த அரசையும் மட்டுமே நாம் நினைத்துக்கொள்கிறோம். நூலைப் பதிப்பித்தவர், அச்சிட்டவர், வழக்குச் செலவை ஏற்றவர் ஆகியோர் நம் கணக்கில் வருவதில்லை. 1861இல் கல்கத்தாவில் நடந்த ஒரு வழக்கு, இவர்களை நினைவூட்டுவது.

வங்காளத்து ஐரோப்பிய அவுரி முதலாளிகள், குடியானவர்களிடம் முன்பணத்தைத் திணித்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிடச் செய்தனர். மறுத்தோருக்கு அடியும் அடைப்பும் கிடைத்தன. 1859இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே தீனபந்து மித்ரா இக்கொடுமைகளை 'நீல் தர்ப்பண்' என்னும் நாடகமாக்கினார். 'அவுரியின் கண்ணாடி' என்பது இதன் பொருள். அவர் அஞ்சல் துறை ஊழியர். எனவே டாக்காவில் அச்சான நூலில் ஆசிரியர் பெயர் இல்லை.

ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டவர் ஜேம்ஸ் லாங் பாதிரியார். மொழிபெயர்த்தவர் மைக்கேல் மதுசூதன் தத்தர் என்பது வழிவழிச் செய்தி. அதை மறுப்போரும் உளர். நாடகம் வங்க மொழியில் இருந்தவரை வழக்கு எழவில்லை. ஆங்கிலத்தில் வந்து, அரசு முத்திரையிட்ட உறைகளில் படிகள் அனுப்பப்பட்டதும் முதலாளிகள் கொதித்தெழுந்தனர். அவதூறு வழக்கு முதலில் அச்சகத்தாரைத் தொட்டு, பின் லாங்கை வந்தடைந்தது. ஆசிரியர் பெயரையோ மொழிபெயர்ப்பாளர் பெயரையோ சொல்லி அவர் தப்ப முயலவில்லை. பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்றார்.

நீதிபதி மோர்டன்ட் வெல்ஸ் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார். தொகையை அப்போதே கட்டியவர் காளிப்பிரசன்ன சிங்கர். வயது இருபதையொட்டியே இருக்கும். மகாபாரதத்தை வங்க உரைநடையில் பெயர்ப்பித்து இலவசமாக வழங்கியவரும் இவரே.

நாடகம் அடங்கிவிடவில்லை. 1872இல் கல்கத்தாவின் நேஷனல் தியேட்டர் இந்நாடகத்தோடுதான் தன் மேடையைத் திறந்தது. வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரத்திற்கு அழைத்து உபசரித்த பிரமுகர் ஒருவரை வேறொரு நாடகம் எள்ளியதும், 1876இல் நாடக நிகழ்த்துச் சட்டம் வந்தது. லாங்கைத் தண்டிக்கக் குற்றச்சாட்டும் சாட்சியும் ஜூரியும் தேவைப்பட்டன. இச்சட்டத்தின்கீழ் ஒரு நாடகத்தைத் தடுக்க அரசாணை ஒன்றே போதும். அவர் சிறைசென்ற வழக்கைவிட இந்த மாற்றமே ஆபத்தானது என்பேன். விடுதலைக்குப் பின்னும் நீடித்த அச்சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 2018இல்தான்.

தீனபந்துவின் பெயர் இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்டது. அதனருகே லாங்கின் பெயரையும் சிங்கரின் பெயரையும் எழுதிவைப்பது நம் கடன். அவ்விருவரும் காத்தது தங்கள் எழுத்தை அன்று, பிறருடைய எழுத்தை.