வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம்

திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில் உள்ள வடக்கன்குளத்தின் கத்தோலிக்கப் பங்குக் கோயில். தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1872இல் சாதிக்கு ஒரு கூடமாக இரண்டு கூடங்கள் வைத்துக் கட்டப்பட்டதும், நடுவில் இருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டதும் தமிழகச் சமூக வரலாற்றில் இக்கோயிலுக்குத் தனி இடம் தந்துள்ளன.

வடக்கன்குளம் ஏசு சபையாரின் பழைய மறைத்தளங்களுள் ஒன்று. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நட்டாலம் நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று இவ்வூரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கொடுத்தவர் பரஞ்சோதிநாதர் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட புத்தாரி அடிகள்.

வெள்ளாளர், நாடார் என்ற இரு பிரிவுக் கிறித்தவர்களும் இவ்வூரில் இருந்தனர். நாடார்களோடு கலந்து உட்கார வெள்ளாளர் சம்மதிக்கவில்லை. வழிபாட்டில் தங்களுக்குத் தனி உரிமைகள் உண்டென்றும் கூறினர். இப்பூசல் பல தலைமுறை நீடித்தது. குருக்கள் கண்ட தீர்வுதான் 1872இன் கட்டடம்.

பங்குக் கோயில் என்றால் வழக்கமாக ஒரே நீண்ட கூடம், அதன் கோடியில் பீடம். இங்கோ பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு கூடங்கள் கவட்டை போலப் பிரிந்து செல்கின்றன. இரு கூடத்தாருக்கும் பூசை வைக்கும் குரு தெரிந்தார். ஒரு கூடத்தார் மற்றக் கூடத்தாரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இந்த வடிவத்தால் இதற்குக் ‘கால்சட்டைக் கோயில்’ என்றும் பெயர் வந்தது. கட்டியவர்களின் திறமையை மறுப்பதற்கில்லை. ஆனால் சாதிச் சண்டைக்கு முடிவு காண்பதற்குப் பதில் அதையே அவர்கள் அடித்தளமாக்கிவிட்டார்கள்.

இந்நிலை வடக்கன்குளத்துக்கு மட்டும் உரியதல்ல. புதுச்சேரிச் சம்பா கோயிலில் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைத்த சுவர் அகற்றப்பட்டதையும், அதனால் எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அது நடந்ததும் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே 1745ஆம் ஆண்டில்.

1910இல் குருக்களே முன்வந்து வடக்கன்குளத்துத் தடுப்பை இடித்தனர். சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும், வழிபாட்டில் தங்களுக்குரிய சிறப்புரிமைகளை உறுதிசெய்ய வேண்டும் என்று வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் சென்றது. ‘மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்’ என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் இவ்வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. மற்றவர் அருகில் வரக் கூடாது என்ற கோரிக்கைக்குத் தீட்டைத் தவிர வேறு அடிப்படை இல்லை. கிறித்தவர்களிடையே தீட்டைச் சட்டம் காக்கும் உரிமையாக ஏற்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது. வெள்ளாளர் தரப்பு தோற்றது. கோயில் நுழைவுச் சட்டங்களுக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை முன்பே வந்த இத்தீர்ப்பு இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

இவ்வூரில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். தொடக்க அறிவிப்பில் அவர் பெயரோடு இருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது.