பாலித் விதித்த நிபந்தனை

பல்கலைக்கழகத்துக்கு ஒருவர் அறக்கட்டளை நிறுவினால், மூலதனத்தில் கை வைக்காமல் அதன் வருவாயை மட்டும் செலவிடுவது வழக்கம். அவ்வருவாய் யாருக்கு, எதற்கு என்பதைக் கொடையாளரின் நிபந்தனைகள் தீர்மானிக்கின்றன. இச்சில வரிகள் ஒரு நாட்டின் அறிவியலையே பாதிக்கக்கூடும். கல்கத்தாப் பல்கலைக்கழகம் இதற்குச் சான்று.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசுக் கல்லூரிகளின் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே கிடைத்தன. வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய்கூட மாகாணப் பணி என்னும் கீழ்ப்படியிலேயே வைக்கப்பட்டிருந்தார். இந்நிலையில், 1912இல் வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் ஏறத்தாழ 15 இலட்சம் ரூபாய் பெறுமான பணத்தையும் நிலத்தையும் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். 1913இல் ராஷ்பிஹாரி கோஷ் 10 இலட்சம் ரூபாய் வழங்கினார். இக்கொடைகளால் ஏற்படும் பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே உரியவை என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். வேதியியலுக்கான பாலித் பதவியை 1916இல் ராய் ஏற்றார்.

இயற்பியலுக்கு முகர்ஜி தேர்ந்தெடுத்தவர், திருச்சியில் பிறந்த சி. வி. இராமன். அவரோ நிதித்துறை அதிகாரி. ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்து வந்தவர். இங்கே இன்னொரு நிபந்தனை குறுக்கிட்டது. பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டுமாம்! இராமன் மறுத்துவிட்டார். இந்தியருக்குக் கதவைத் திறந்த ஏற்பாடே இராமனுக்கு அதை அடைத்துவிடும் போலிருந்தது. முகர்ஜி அந்நிபந்தனையைத் தளர்த்தச் செய்தார். 1917இல் இராமன் குறைந்த சம்பளத்துக்கு வந்து சேர்ந்தார்.

1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. ஆய்வுக்கூடம், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நன்கொடைகள் திரட்டி நிறுவிய கழகத்தினுடையது. ஆயினும் இராமனை அலுவலகக் கணக்குகளிலிருந்து விடுவித்தது பாலித் பதவியே.

கொடைகள் மட்டும் போதவில்லை. முதுகலைத் துறைகள் பெருகவே பல்கலைக்கழகம் பற்றாக்குறையில் தவித்தது. 1922இல் வங்காள அரசு இரண்டரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தது. கூடவே செலவுகளைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் நிபந்தனைகளையும் விதித்தது. பணம் தேவைப்பட்டும் முகர்ஜி அதை மறுத்தார்.

நிபந்தனையில்லாத பணம் அரிது. ஆகவே ஒரு கொடையின் அளவைக் கேட்பதோடு நின்றுவிடாமல், அது யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் கேட்க வேண்டும்.